ஆற்றைத் தாண்டி வந்த தேனீப் பெட்டி

எங்கள் மகளிர் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது புதிதாகத் தேனீப் பெட்டி வைத்தால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களில் ஒருத்தி தன் பெட்டியிலிருந்து ஒரு அடையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள். தேன் இருக்கிற அடை இல்லை. முட்டையும் புழுவும் நிறைந்த அடை. அதற்குப் பிள்ளை அடை என்று நாங்களாகவே பேர் வைத்திருந்தோம். பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளை அடையை உள்ளே இறக்கி மூடிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கையில் கொஞ்சம் சர்க்கரை கொடுப்போம். அதோடு முடிந்துவிடாது. யாருடைய பெட்டியாவது இளைத்துப்போனால், உறைமோர் கேட்டு வருவது போல, "ஒரு பிள்ள அடை இருந்தா குடேன்" என்று வந்து நிற்பார்கள். இல்லை என்று சொன்னவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது.

என் முதல் பிள்ளை அடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரியாங்குப்பத்திலிருந்து வந்தது. கொடுத்தது என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் அக்கா என்று கூப்பிட்டதால் கல்யாணமான நாளிலிருந்து நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். வீட்டுக்காரர் காலமானபின் நான் யாரோடும் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, அக்காதான் என்னைத் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீ பாட்டுக்கு மூலையில ஒக்காந்து செவுத்தப் பாத்துனு இருப்ப. பூச்சியவாவது பாருடி" என்றார்.

அந்த அடையைச் சின்ன மரப்பெட்டியில் வைத்து, மேலே ஈரத்துண்டு போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பெண் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னா ஆயா, உள்ள முணுமுணுன்னு சத்தம்?" என்று கேட்டதாம். "உன் மாமியாரு" என்றாராம் அக்கா. அந்தப் பெண் எழுந்து போய் வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அக்கா அப்படித்தான். எந்த இடத்திலும் வாய் ஓயாது. நான் அதற்கு நேர்மாறு. சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுந்து வாசி என்று சொன்னால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். குழுக் கூட்டத்தில் இன்றைக்கும் கதவோரமாகத்தான் உட்காருவேன். யாராவது என் பக்கம் திரும்பினால் தரையைப் பார்ப்பேன்.

தேனீயிடம் பேச வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும், கையை வீசக்கூடாது, ஈக்களுக்கு நேரே மூச்சு விடக்கூடாது. இதெல்லாம் சொல்லித்தராமலே எனக்கு வரும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றாக இருந்த பெட்டி, பிரித்துப் பிரித்து வரிசையாகியது. கிழக்கே கடல், அந்தப் பக்கம் அதுகளுக்கு வேலையில்லை. மற்ற மூன்று பக்கமும் போகும். வேப்பம்பூ காலத்தில் சாயங்காலம் மாடிக்கு ஏறினாலே அடையின் வாசனை மூக்கில் ஏறும். பக்கத்துத் தெருக்களில் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர் பெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் மூன்று வீட்டு ஈக்களும் ஒரே வேப்பமரத்துக்குத்தான் போய்வரும்.

போன வருஷம் முந்திரி பூத்து முடிகிற சமயத்தில் அக்கா போன் செய்தார்.

"புழுவெல்லாம் தலயத் தூக்கினு நிக்குதுடி" என்றார். அக்கா ஒரே வரியோடு போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

நல்ல புழு எப்படி இருக்கும் என்றால், குழியின் அடியில் வெள்ளைவெளேர் என்று பளபளப்பாக, வளைந்து படுத்திருக்கும். வளர்ந்ததும் ஈக்கள் குழியை மெழுகால் மூடிவிடும். மூடின வீட்டுக்குள்தான் அது ஈயாக மாறும். நோய் வந்த அடையில் அந்த மூடி இருக்காது. திறந்த குழியில் புழு நீட்டி நிமிர்ந்து, தலையை மட்டும் மேலே தூக்கி, சின்னப் படகுபோலச் செத்துக் கிடக்கும். குச்சியால் எடுத்தால் பை மாதிரி வரும். உள்ளே தண்ணீர்.

அக்காவின் தோப்பில் அதற்கு முன்பு ஒரு தெற்கத்திக்காரர் தன் பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பூ எங்கே இருக்கிறதோ அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற தொழில் அவருக்கு. ரப்பர் தோட்டம் முடிந்தால் புளி, புளி முடிந்தால் முந்திரி. இடம் கொடுத்ததற்குத் தேன் கொடுத்தார், அக்காவுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர். அவர் பெட்டியில் நோய் இருந்தது அவருக்கே தெரியாது. அவர் கிளம்பிப் போனபிறகு அக்காவின் பெட்டிகள் ஒவ்வொன்றாக இளைத்தன. அக்கா என்ன செய்வார்? எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் செய்தார். இளைத்த பெட்டிகளுக்காக இன்னொருத்தியிடம் பிள்ளை அடை வாங்கினார். அவள் பெட்டி இளைத்தபோது தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். கொடுத்ததும் வாங்கியதுமாக அந்த வியாதி அரியாங்குப்பம் முழுக்கச் சுற்றி, பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், ஒரு பெண் தன் அம்மா வீட்டுக்கு ஆசையாகக் கொண்டுபோன அடையோடு காலாப்பட்டு வரைக்கும் போய்விட்டது.

பயிற்சி கொடுத்த மேடம் கூட்டம் போட்டார்கள். வயதில் சின்னவர்தான், பூச்சிகளுக்கென்றே பெரிய படிப்பு படித்தவர். அக்கா வரவில்லை. மேடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இது ஒரு வைரஸ்மா. முதல்ல எந்த ஊர்ல வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. தெற்குல ரொம்ப வருஷமா இருக்கு, வேற நாடுகள்லயும் இருக்கு. குளிர் தேசத்துத் தேனீக்கு வேற வைரஸ். அங்க முதுகுல ஒரு உண்ணி ஒட்டிக்கும், அது ஏத்திவிடும், இறக்கை சுருண்டு போயிடும். நம்ம ஈக்கு இது. ஆனா ஒண்ணு, தேனீ தானா அவ்ளோ தூரம் பறக்காது. ஊர் விட்டு ஊர் நாமதான் தூக்கிட்டுப் போறோம்."

"மருந்து இல்லியா மேடம்? ஊசி கீசி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கமா போடுறது ஊசிய?" என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தோம். "கொரோனாவுக்குக் கோட்டகுப்பம் பார்டர் ரோட்ட அடச்ச மாதிரி இதுக்கும் தடுப்பு வைக்கச் சொல்லு. நம்ம ஈங்க பாதி தமிழ்நாட்டுல மேஞ்சுட்டு வருது" என்று இன்னொருத்தி சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் மேடம், "தடுப்பு நீங்கதான்மா. இனிமே பிள்ளை அடை கிடையாது. பெட்டி, அடை மாட்டுற சட்டம், கத்தி, புகை போடுற டப்பா, எதுவும் ஒரு வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது" என்றார்கள். அந்த ஹாலில் இருந்த ஒவ்வொருத்தியும் இன்னொருத்திக்கு அடை கொடுத்தவள்.

கலைந்து போகும்போது மேடம் கதவோரம் என்னிடம் நின்றார்கள். "உங்க பக்கம் மூணு வீடுதான்மா இப்ப சுத்தமா இருக்கு. உங்ககிட்ட யாராச்சும் கொண்டுவந்தா வேணாம்னு சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். என்னைப் பார்த்து ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் அக்கா போன்.

"எல்லாம் போச்சுடி. தாய்ப்பொட்டி ஒண்ணுதான் நிக்குது. நல்லா இருக்குது. தனியா கெணத்தாண்ட வெச்சிருந்தேன். இதுவும் இங்க கெடந்தா செத்துரும். ஆத்துக்கு இந்தாண்ட பூரா நோவு, உங்க பக்கம் இல்லியாமே. நாளைக்கு எடுத்துனு வந்து உன் மாடியில வெச்சிர்றேன்."

அந்தத் தாய்ப்பெட்டியிலிருந்துதான் அக்காவின் மற்ற எல்லாப் பெட்டியும் பிரிந்தது. என்னுடையதும் அதிலிருந்துதான். நான் ம் என்றேனா, ஒன்றுமே சொல்லவில்லையா, தெரியவில்லை. போன் வைத்துவிட்டார்.

மருமகள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா அத்த, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"போன் பண்ணி வேணாம்னு சொல்லுங்க."

"எப்டி சொல்றது? அவங்க குடுத்த ஈக்கூட்டம்."

"நான் சொல்லட்டா?"

"வேணாம். நீ சொன்னா சண்டயாயிடும்."

"நீங்க சொன்னா?"

"நான் சொன்னா..." என்று ஆரம்பித்தேன். எனக்கே மேலே என்ன என்று தெரியவில்லை.

"நீங்க சொன்னாதான அத்த தெரியும்!" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பூரா எனக்கு வேலை ஓடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது குழாயடியில், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் வரவில்லை. மாடிக்குப் போய் என் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். குழிகளில் புழுக்கள் வளைந்து படுத்திருந்தன. பக்கத்துத் தெருக்காரிகள் இரண்டு பேரின் பெட்டிகளும் இப்படித்தான் இருக்கும். நான் ஒருத்தி வாய் திறக்காவிட்டால் மூன்று வீடும் போகும். வாய் திறந்தால் அக்கா போவார். எனக்கென்று வாசலில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

மறுநாள் மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினார். பழைய புடவையில் சுற்றிய பெட்டியை, வாசல்துளையைக் கொசுவலைத் துணியால் அடைத்து, இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல வைத்திருந்தார். இளைத்திருந்தார். எங்கள் மாடிப்படி வெளியே தெருவைப் பார்த்து இருக்கிறது. அக்கா நேரே படிக்கு வந்தார். நான் அதற்குள் படியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"தள்ளுடி, கை வலிக்குது" என்றார்.

"வேணாங்க்கா."

"இன்னா வேணாம்?"

"பொட்டி மேல வேணாம்."

அக்கா முதலில் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு, நான் விளையாடுகிறவள் இல்லை என்று அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறியது.

"யாரு சொல்லிக் குடுத்தா? உம் மருமவளா?"

"நான் வாயே தெறக்கல பெரியத்த!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாயத் தெறக்காமயே இவ்ளோ சத்தமா?" என்றார் அக்கா, என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "என் கையால குடுத்த கூட்டம்டி மேல பறக்குறது. அத வெச்சிக்குவ, ஆத்தாள ஏத்த மாட்டியா? இது நல்ல பொட்டி. நான் பாத்துட்டுதான் எடுத்துனு வந்தேன்."

குழாயடியில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. "மூணு வூட்டு பொட்டிங்க்கா" என்றேன். "எங்கிட்ட வந்தா மூணு வூட்டுக்கும் வந்துரும்." அதைத் தெருவில் நின்று சொன்னேன். எதிர்வீட்டுப் பென்ஷன்காரர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார்.

அக்கா பெட்டியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். மருமகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கவில்லை. வெயில் பெட்டியின் மேல் விழ, முந்தானையை விரித்து நிழல் பிடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. படியை விட்டு இறங்கவும் பயமாக இருந்தது. இறங்கினால் ஏறிவிடுவாரோ என்று.

ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "ஆயா, வெயிட்டிங்கா, கெளம்பட்டா?" என்று கேட்டார்.

"நில்லுப்பா" என்றது நான்தான். "அக்கா, நான் வரேன். பொட்டி இங்க வேணாம். நான் அங்க வந்து இருக்கேன். ரெண்டு பேருமா பாக்கலாம்."

"நீ வந்து இன்னா பண்ணுவ? அழுவுறதுக்கா? அத நானே பண்ணிக்குவேன்."

ஆனால் எழுந்துகொண்டார். நான் இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஊரைத் தாண்டுகிற வரை அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் ஏறும்போது, "எந்தம்பி இருந்தா இப்டி வாசல்ல நிறுத்திருப்பானா" என்றார். நிறுத்தியிருக்க மாட்டார். பாலம் இறங்கியதும், "தாகமா இருக்குதுடி" என்றார். ஓரத்தில் இளநீர் வண்டி நின்றது. வாங்கட்டுமா என்று கேட்டேன். "தோப்பு வெச்சிருக்கறவ காசு குடுத்து எளநி குடிப்பாளா? சும்மா வா" என்று அதட்டினார். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் பெட்டியைத் திறந்தோம். சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் நல்ல புழுக்கள். ஓரமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக, மூடி இல்லாத குழிகளில் தலை தூக்கிய புழுக்கள்.

அக்கா அடைக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "எங்கடி?"

விரலால் காட்டினேன். இன்னும் கிட்டே குனிந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. நல்ல பெட்டி என்று அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல பெட்டியாகத்தான் தெரிந்தது.

"உன் மாடிக்குக் கொண்டாந்திருப்பேனே" என்றார் மெதுவாக. பிறகு எழுந்து போய்த் தென்னைமரத்தடியில் நின்றுவிட்டு வந்தார்.

மேடத்துக்குப் போன் செய்தோம். ராணியைப் பிடித்துச் சின்னக் கூண்டில் அடையுங்கள், முட்டை வைக்காமல் இருக்கட்டும், நோயான அடையை எடுத்து எரித்துவிடுங்கள், சர்க்கரைப்பாகு வையுங்கள், வாசலைச் சிறிதாக்குங்கள் என்றார்கள். புதிதாகப் புழு இல்லாவிட்டால் நோய்க்கு வளர இடம் இல்லை, அதற்குள் ஈக்கள் பழையதைச் சுத்தம் செய்துவிடும், அப்புறம் ராணியை விடலாம். "பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்மா. சிலது பிழைக்குது" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது.

ராணியை நான் பிடித்தேன். அடைகளை அக்காவே எரித்தார். தேங்காய் மட்டையோடு போட்டபோது மாதாகோயில் மெழுகுவத்தி வாசனை தோப்பெல்லாம் பரவியது. புகை அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றார்.

அங்கே தங்கினேன். பகலில் அக்கா பேசுவார், நான் கேட்பேன். வாசலில் நிறுத்தியதைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "இவளப் பாத்தா பூனை மாதிரி இருக்குதா? படியில ஏறி நின்னுனு என்னத் தடுத்தா பாரு, போலீஸ்காரி மாதிரி" என்பார். கோபம் போகவில்லை. ஆனால் சொல்லும்போது ஒரு சந்தோஷமும் இருந்தது. மருமகள் தினமும் போன் செய்வாள்.

"அத்த, உங்க பொட்டிங்க நல்லாத்தான் இருக்கு. நான் கிட்ட போவல, வாசப்படியிலேருந்து எண்ணிப் பாத்தேன்."

"எத்தினி இருந்துச்சு?"

"நெறைய."

ராணியைத் திறந்துவிட்டு, அது முட்டை வைத்து, புழு வருகிற காலம் வரைக்கும் காத்திருந்தோம். அன்று காலை அக்கா எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்துவிட்டுப் பெட்டியருகே போய் நின்றுகொண்டிருந்தார். மூடியைத் திறக்கவில்லை. நான் போய்த் திறந்தேன். புது அடை, சின்னதுதான், உள்ளங்கை அளவு இருக்கும். ஈக்களை மெல்ல விலக்கிச் சாய்த்துப் பிடித்தேன்.

"படுத்திருக்குதா, நிக்குதா?" என்று கேட்டார். அடையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"படுத்திருக்குதுக்கா."

"எனக்காக சொல்லாத. நல்லாப் பாரு."

வரிசை வரிசையாகப் பார்த்தேன். வெள்ளையாக, வளைந்து, ஈரமாக மின்னின. அடியில் ஒரு மூலைக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. பெட்டியை மூடிவிட்டு இரண்டு பேரும் காப்பி குடிக்கப் போயிருக்கலாம்.

"ஒண்ணு மட்டும் நிக்குதுக்கா" என்றேன்.

அக்கா வேப்பங்குச்சியை என்னிடம் நீட்டினார். அந்தப் புழுவை எடுத்தேன். அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஏந்தி அதை வாங்கிக்கொண்டார்.

"மத்ததெல்லாம்?"

"படுத்திருக்கு."

"அப்ப மூடு" என்றார். "ரொம்ப நேரம் தெறந்து வெச்சா குளிரு பட்டுடும். மத்தது அடுத்த வாரம் பாக்கலாம்."